கைப்பேசி வைத்தியம்: யார் பேச்சைக் கேட்பது?



இப்போதெல்லாம் காலையில் பெரட்டுக்குப் போகுமுன்னே வாட்ஸ்அப்பில் நாலு வைத்தியம் வந்துவிடுகிறது. பப்பாளி இலைச்சாறு குடித்தால் டிங்கி பறந்துவிடும், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்கிறது ஒன்று. அனுப்பியவர் நம்ம மச்சான்தான். ஆனால், எழுதியது யார்? அவருக்கும் தெரியாது.

டாக்டர்களும் இன்று அதே கைப்பேசியில்தான் பேசுகிறார்கள். 2020-இல் கோவிட் பரவியபோது, அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியிலும் முகநூலிலும் தோன்றி, புதிதாக நோய் கண்டவர், குணமானவர், இறந்தவர் என்று கணக்குச் சொல்லி வந்தார்.

"டாக்டர்களே மாற்றி மாற்றிப் பேசுகிறார்களே?" என்று கேட்பீர்கள். 2020 தொடக்கத்தில், நோயில்லாத பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றது உலக சுகாதார நிறுவனம். ஜூன் 5-இல், நோய் பரவியுள்ள ஊரில் இடைவெளி விட முடியாத இடத்தில் அணியச் சொன்னது. ஆகஸ்டு 1 முதல் நம் நாட்டில் நெரிசலான பொது இடங்களில் அது கட்டாயமானது. இது ஏமாற்று அல்ல. புதிய ஆதாரம் கிடைத்தால் சொன்னதைத் திருத்துவதே முறை. பெயரில்லாத செய்திதான் திருந்தாது. அடுத்த வருஷமும் அப்படியே வரும்.

டிங்கிக்கு டாக்டர்கள் சொல்வதைக் கேளுங்கள். நோயைக் கொல்லும் தனி மருந்து இல்லை. நீராகாரம் நிறையக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் கூடாது, இரத்தக்கசிவு அதிகமாகும். காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாற்றை நம்பிக் காத்திருந்தால் உயிர் போகலாம்.

ஆகவே, செய்தி வந்தால் பாருங்கள்:

1. எழுதியவர் பெயர், பதவி, தேதி இருக்கிறதா? டாக்டர் படம் மட்டும் போதாது. படத்தைத் திருடி மருந்து விற்பவர்களும் உண்டு.

2. எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று சொல்கிறதா? டாக்டரே வேண்டாம் என்றால் தள்ளிவிடுங்கள்.

3. சுகாதார அமைச்சின் முகநூல் பக்கத்தில் இருக்கிறதா? பொய்ச் செய்தியைக் கண்டறிய 2017-இல் அரசு தொடங்கிய 'செபெனார்ஞா' தளமும் உண்டு. மலாய் வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சந்தேகமா? அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கிளினிக்கில் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, தோழர்களே!