கண்ணீரும் கடமையும்

நம் காஞ்சியில் பிறந்த பேரறிஞர் அண்ணா 1969ஆம் ஆண்டு புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று இயங்கி வருவதை நாம் அறிவோம். நோயுற்றோருக்காக இரங்கும் நாம், அவர்களுக்குச் சிகிச்சை அளிப்போரின் மனநிலையை எண்ணிப் பார்ப்பதுண்டா? பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் ஒரு குழந்தை இறந்துபோனால், அதைக் காக்கப் போராடிய மருத்துவர் அத்துயரை எவ்வாறு தாங்குகிறார்?

“டாக்டர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும்” என்று சிலர் சொல்வர். அது சரியன்று. புகழ்பெற்ற மருத்துவரான வில்லியம் ஆஸ்லர் 1889ஆம் ஆண்டு மாணவரிடையே உரையாற்றியபோது, மருத்துவருக்கு வேண்டிய தலையாய பண்பு கலங்காமை என்றார். கை நடுங்கினால் ஊசி போட இயலாதல்லவா? ஆனால் கலங்காமை வேறு, கல்மனம் வேறு.

சென்னை அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையின் வரலாறே இதற்குச் சான்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரே 1954இல் அந்த மருத்துவமனையாக உருவெடுத்தது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் தம் 93ஆம் வயதில் மறையும்வரை அதற்கே உழைத்தார். 1960இல் அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய காலத்தில், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பிழைப்பது மிக அரிது. ஒவ்வோர் இழப்புக்குப் பின்னும் “இன்னும் என்ன செய்யலாம்?” என்று உலகெங்கும் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். இன்று, குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோயில், காலத்தே முழுச் சிகிச்சை பெறுவோருள் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

துயரை உள்ளுக்குள் புதைத்தால் தூக்கம் கெடும், எரிச்சல் மிகும், நாளடைவில் பணியே வெறுத்துவிடும். ஆகவே மருத்துவர்கள் மூத்தோரிடமும் உடன் பணிபுரிவோரிடமும் மனம்விட்டுப் பேசுகின்றனர். சில மருத்துவமனைகளில், ஓர் உயிர் பிரிந்தவுடன் மருத்துவரும் செவிலியரும் கட்டிலைச் சூழ்ந்து சற்று நேரம் மௌனமாக நிற்கின்றனர். பிறகே அடுத்த நோயாளியிடம் செல்கின்றனர்.

நம் ஊர்த் தறியில் பாவிழை ஒன்று அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அதை முடிந்துவிட்டே மேலே நெய்வார். அறுந்ததைக் காணாதவர்போல் நெய்தால் சேலையில் குறை விழும். மனமும் அப்படித்தான்.

நம்முள் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் வரவிருப்போர் பலர். அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் செல்லும் உறுதி ஒரே நாளில் வந்துவிடாது. துக்கம் நேர்ந்த தோழியின் அருகே அமைதியாக அமர்ந்திருக்க இன்றே பழகுவோம். அதுவே அதற்கு முதற்பாடம்.