முழங்காலின் வெளிப்புறத்தில் ஒரு நரம்பு

முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றே கீழாக விரலால் தடவிப் பார்த்தால், ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பின் தலை ஒரு சிறு மேடாகத் தட்டுப்படும். அதற்கடியில் எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலும் சிறிது கொழுப்பும் தவிர வேறு ரட்சையில்லாமல் ஒரு நரம்பு முன்புறம் செல்கிறது. பெரோனியல் நரம்பு என்று வைத்தியர்கள் வழங்கும் அதைப் பற்றி, கணுக்கால் முறிவுக்காகப் போட்ட மாவுக்கட்டின் மேல்விளிம்பு அவ்விடத்தை ஓயாமல் அழுத்தி வந்ததன் பலனாகவே நான் அறிய நேர்ந்தது. கட்டைப் பிரித்தபோது எலும்பு செவ்வனே கூடியிருந்தது. பாதந்தான் மேலே தூக்க வரவில்லை.

பாதத்தையும் விரல்களையும் மேல்நோக்கி இழுக்கும் சதைகளும், பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பும் சதைகளும் இந்த ஒரு நரம்பின் ஆக்ஞைக்கு உட்பட்டவை. கெண்டைக்கால் சதையோ டிபியல் நரம்பைச் சேர்ந்தது. ஆகையால் நுனிக்காலில் நிற்க எனக்கு யாதொரு சிரமமும் இல்லை. குதிகாலில் நிற்கத்தான் முடியவில்லை. பெருவிரல் தரையில் இடறாதிருக்க முழங்காலை உயரத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பாதம் 'தப்'பென்று விழும் ஓசையைக் கொண்டே நான் வருவதை வீட்டார் அறிந்துகொண்டார்கள். புறங்காலில் ஸ்பரிச உணர்ச்சி குன்றியிருந்தமையால், செருப்பு வார் உராய்ந்து தோலுரிந்ததைக் கண்ணால் கண்ட பிறகே அறிந்தேன். தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அன்று தொடங்கியது.

இடுப்பில் நரம்புவேர் நசுங்கினாலும் பாதம் இவ்வாறே தொங்குமாம். ஆனால் வைத்தியர் என் பாதத்தை உட்புறமாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். அவ்வாறு திருப்பும் சதை டிபியல் நரம்பினுடையது; வேர் நசுங்கியிருந்தால் அதுவும் தளர்ந்திருக்கும். அது பலம் குன்றாதிருந்தமையால், கோளாறு முழங்காலருகில்தான் என்று நிச்சயித்தார். நரம்பு மீளாதவர்களுக்கு அதே சதையின் நாணைத்தான் சத்திரசிகிச்சையால் முன்புறம் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். குஷ்டரோகத்தால் இந்நரம்பு கெட்டுப் பாதம் தொங்கிப்போனவர்கள் பலர் அவ்விதம் நடக்கும் வலிமையை மீளப் பெற்றிருக்கிறார்கள்.

எனக்கு அந்த அவசியம் நேரவில்லை. நரம்பின் உறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களில் அது தானே தேறும். உள்ளிழை அறுந்திருந்தாலோ நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வீதமே வளர்ந்து சதையை எட்ட வேண்டும். இடைக்காலத்தில் நரம்புக்கு நாம் செய்யக்கூடியது சொற்பம். கெண்டைக்கால் சதைக்குச் செய்ய வேண்டியதோ மிக அதிகம். எதிரே இழுப்பார் இல்லாத அது குறுகிப்போனால், நரம்பு உயிர்பெற்ற பின்னும் பாதம் மடங்காது. ஆகவே காலை நீட்டி உட்கார்ந்து, முன்பாதத்தில் துண்டை மாட்டி இரு நுனிகளையும் மார்புப்பக்கம் இழுத்துப் பிடிப்பதை நியமமாகச் செய்தேன். நடக்கையில் பாதத்தைத் தாங்க, பிளாஸ்டிக் தாங்கியும் அதற்கு இடங்கொடுக்கும் சற்றுப் பெரிய பூட்சும் அணிந்தேன். கால்மேல் கால் போட்டு அமர்வதையும், வெகுநேரம் குந்தியிருப்பதையும் அறவே விட்டேன். இரண்டுமே அந்த எலும்பு மேட்டருகில் நரம்பை நெரிப்பவை.

மாவுக்கட்டோடு இருப்பவர்கள் தினந்தோறும் கால்விரல்களை மேல்நோக்கி மடக்கிப் பார்ப்பது நல்லது. அது தளர்ந்தாலும், புறங்காலில் மரமரப்போ எரிச்சலோ கண்டாலும், கட்டுப் பிரிக்கும் தேதிவரை பொறுத்திராமல், அன்றே போய் மேல்விளிம்பை வெட்டித் தளர்த்தச் சொல்ல வேண்டும்.