சிறைவாசிகளின் மனநலமும் தற்கொலைத் தடுப்பும்

சிறையில் உடல்நோயைக் கண்டறிவது எளிது. மனத்துயரைக் கண்டறிவது அத்துணை எளிதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்த 159 பேரில் 119 பேர் தற்கொலையால் மாண்டவர்கள்.

அபாயம் எக்காலத்தும் ஒரே அளவினதன்று. சிறை புகுந்த முதற்சில நாட்களில் அது மிகுதி. குடும்பப் பிரிவு, அவமானம், வழக்கைப் பற்றிய அச்சம், மது முதலிய போதைப் பழக்கம் திடீரென நின்றுபோவதால் எழும் கலக்கம் ஆகியன அப்போது ஒருங்கே தாக்குகின்றன. ஜாமீன் மறுக்கப்பட்ட நாள், தீர்ப்பு நாள், வீட்டிலிருந்து துயரச் செய்தி வந்த நாள் ஆகியவையும் கவனத்துக்குரியவை.

உணவை வெறுத்தல், உறக்கமின்மை, பேசாது ஒதுங்குதல், உடைமைகளைப் பிறர்க்கு ஈந்துவிடுதல், வாழ்வில் பயனில்லை எனக் கூறுதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். கைதிகளை நாள்தோறும் காணும் காவலரும் சிறைப்பள்ளி ஆசிரியரும் இவற்றை முதலில் உணரக்கூடியவர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று பரிவுடன் நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தவறான கருத்து. கேட்டறிந்ததை உடனே சிறை மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். அவர் வரும்வரை கைதியைத் தனியே விடலாகாது. தனியறையில் அடைப்பது பரிகாரமாகாது; தனிமை துயரைப் பெருக்கும்.

தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவரென்றே கருதப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைக்கவும் அது பணிக்கிறது. ஆகவே, அத்தகைய கைதிக்கு உரியது கண்டிப்பன்று, சிகிச்சையும் துணையுமே.