கொல்லைக் கோழி: காப்பதா, கறியாக்குவதா?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களிலும் கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழிகள் மேய்வதை நாம் காண்கிறோம். தந்தையர் ஆலை வேலைக்குச் சென்றாலும், முட்டை விற்ற காசு அன்னையரின் கைக்காசு. பண்டிகை நெருங்கியதும் வீட்டில் கேள்வி எழும்: கோழியை வைத்துக்கொள்வதா, அடித்துக் குழம்பு வைப்பதா? நாவின் ஆசையால் முடிவு செய்யாமல், ஆராய்ந்து முடிவு செய்யும் வழியைப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. நாட்டுக்கோழி 10 முதல் 15 முட்டைகள் இட்டபின் அடையில் அமரும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு இடும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். 12 முட்டைகளை அடைவைத்து, கூமுட்டை போக, பருந்தும் கீரியும் கொண்டுபோனது போக, 5 குஞ்சுகளே தேறின என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தாயை ஒருநாள் குழம்புக்காக அறுத்தால், நாம் இழப்பது ஒரு கோழியை அன்று, ஐந்து கோழிகளை.

ஆகவே முதலில் சமையலுக்குரியவை உபரிச் சேவல்கள். 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். அடுத்து, வயது முதிர்ந்து முட்டை நின்ற பெட்டைகள். இதை அறிவது எளிது. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து மிருதுவாயிருக்கும். பின்புறத்து இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையும். இடாத கோழிக்கு ஒரு விரலே நுழையும். ஆனால் அடையிலும் இறகு உதிர்க்கும் காலத்திலும் முட்டை நிற்பது இயல்பு. அப்போது அவசரப்பட்டுக் கத்தி எடுக்கலாகாது.

நோயுற்ற கோழியை, "சாகுமுன் சமைப்போம்" என்று அறுப்பது பெருந்தவறு. வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோய், 1920-களின் பிற்பகுதியில் நம் நாட்டில் குமாவூன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நோயுற்ற கோழியை அறுத்து எறியும் குடலும் இறகும் தெருக் கோழிகளுக்கெல்லாம் நோயைப் பரப்பும். இறந்ததை ஆழப் புதைக்க வேண்டும். குஞ்சுப் பருவத்திலேயே கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து கொடுப்பதே அறிவுடைமை.

தொழிற்பகுதியில் வாழும் நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோழி மண்ணைக் கிளறித் தின்னும் பறவை. பழைய பேட்டரி உடைத்த இடத்தில் மேய்ந்தால், மண்ணிலுள்ள ஈயம் அதன் முட்டையிலும் ஈரலிலும் சேரும். வேகவைத்தாலும் ஈயம் நீங்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அங்கே மேய்ந்த கோழியைக் காத்து அதன் முட்டையை உண்டாலும் தீங்கு, கறியாக்கினாலும் தீங்கு. எனவே தூய மண்ணில் வேலியிட்டு வளர்ப்பது நம் முதற்கடமை.

இறுதியாக ஒரு சொல். தங்கை பெயரிட்டு வளர்த்த கோழியானால், அவளிடம் முன்னரே சொல்லி அவள் மனத்தையும் கேளுங்கள். பள்ளியிலிருந்து திரும்பியவள் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்துத் தேடும்படி விடலாகாது. தம் மக்கள்மீது கொண்ட அன்பைச் சொல்ல, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழியையே இயேசு ஆண்டவர் உவமையாக எடுத்தார். காத்தாலும் உண்டாலும், அவ்வுயிரைத் தந்தவருக்கு நன்றி மறவாதிருப்போம்.