கடல் சூழ்ந்த ஊரும் கித்தாக்காடு சூழ்ந்த ஊரும்

தீவு என்ற சொல் நமக்கு வடமொழியிலிருந்து வந்தது. 'துவீபம்' என்னும் அதன் மூலச்சொல்லுக்கு இருபுறமும் நீர் உடையது என்று பொருள் கூறுவர். ஆற்றின் நடுவே மேடிட்டுக் கிடக்கும் நிலத்துக்கு நம் முன்னோர் அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை என்று தனித்தனிப் பெயர்கள் வைத்திருந்தனர். திருவரங்கமும் திருப்பூந்துருத்தியும் இன்றும் அப்பெயர்களைச் சுமந்து நிற்கின்றன. இவை யாவும் ஒரு நிலத்தை அதைச் சூழ்ந்துள்ள நீரைக் கொண்டே அடையாளம் காண்பவை. புவியியல் பாடத்திலும் அப்படித்தான் படித்தோம். நான்கு புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்த இலக்கணம் பேரா மாநிலத்துத் தமிழர் வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

பேராவில் தீவு என்றாலே பங்கோர்தான். ஈப்போவிலிருந்து சித்தியவான் வழியாக லூமுட் சென்று, அங்கிருந்து ஃபெரியில் ஏறினால் அரைமணி நேரத்தில் கரை சேரலாம். ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிற்கும். பிறகுதான் பங்கோர் பட்டணத் துறைக்குப் போகும். சுற்றுலாப் பயணிகள் இரண்டாவது துறையில் இறங்கி, இளஞ்சிவப்பு நிற வேன்களில் ஏறி, பாசிர் போகாக், தெலுக் நிப்பா கடற்கரைகளுக்குப் போய்விடுவார்கள். முதல் துறையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். கையில் சந்தைப் பை, மருந்துப் பொட்டலம், சில வேளைகளில் ஒரு மின்விசிறி. தீவைப் படிக்க விரும்பும் மாணவர்கள் அந்த முதல் துறையில் இறங்க வேண்டும் என்பது என் அனுபவம்.

தீவின் பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டர். நடுவில் மலையும் காடும். ஊர்கள் பெரும்பாலும் லூமுட்டைப் பார்த்த கிழக்குக் கரையில் வரிசையாக அமைந்துள்ளன. சீனரும் மலாய்க்காரரும் மிகுந்த இத்தீவில் தமிழர் சிறுபான்மையிலும் சிறுபான்மை. தீவின் பெருந்தொழில் மீன்பிடி. அதிலும் நெத்திலிக்குத் தனிப் பெயர் உண்டு. பிடித்த நெத்திலியைப் படகிலேயே உப்புநீரில் அவித்து, கரைக்குக் கொண்டுவந்து காயவைக்கிறார்கள். நாம் காலையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, மொறுமொறுவென்று கடிபடும் நெத்திலி இப்படி ஒரு தீவின் வெயிலில் காய்ந்து வந்ததாக இருக்கலாம். மழை பெய்தால் காயவைக்க முடியாது. இதைக் கேட்டதும் எனக்குத் தோட்டம் நினைவுக்கு வந்தது. மழை பெய்து மரப்பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லாவிட்டால் அன்றைய வருமானம் போயிற்று. வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கம் இரு சாராருக்கும் பொதுவானது.

பங்கோரின் பழைய பெயரான 'டிண்டிங்' என்பதற்கு மலாயில் சுவர், தடுப்பு என்று பொருள். வெளிக்கடலில் இருந்து பார்த்தால் தீவு ஒரு மதில்போலக் கரையை மறைத்து நிற்கும். இந்த மதிலுக்குப் பின்னால் வரலாறு நிறைய நடந்திருக்கிறது. ஈயத்துக்காக டச்சுக்காரர்கள் 1670இல் தெலுக் கெடோங்கில் ஒரு கோட்டை கட்டினார்கள். அதன் செங்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் நமக்கு முக்கியமான ஆண்டு 1874. அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள், பங்கோரை ஒட்டிய கடலில் நின்ற 'புளூட்டோ' என்னும் கப்பலில் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் முன்னிலையில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. ராஜா அப்துல்லா பேராவின் சுல்தானாக ஏற்கப்பட்டார். பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஒருவர் பேராவுக்குள் வந்தார். முதல் ரெசிடென்ட் பர்ச் மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877இல் வந்த ஹியூ லோ கோலகங்சாரில் கித்தாக் கன்றுகளை நட்டார். அங்கே ஒரு முதிய மரம் இன்னும் பாதுகாக்கப்படுகிறது. மோட்டார் வண்டி பெருகி ரப்பருக்கு விலை ஏறியபோது காடுகள் தோட்டங்களாயின; தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது; நாகப்பட்டினத்துத் துறையில் நம்மவர் கப்பல் ஏறினர்.

பேராவின் தோட்டத் தமிழர் கதைக்கு முதல் வரி எழுதப்பட்டது இந்தத் தீவுக் கடலில்தான் என்று சொன்னால் மிகையாகாது. தீவு நம்மை விடவும் இல்லை. பினாங்குத் துறைமுகத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலரும் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்புக்காகத் தடுத்து வைக்கப்பட்டனர். இந்த மண்ணில் அவர்கள் முதன்முதலில் கால் வைத்த இடம் ஒரு தீவு. இன்னொரு விந்தையும் உண்டு. பங்கோரை உள்ளடக்கிய டிண்டிங்ஸ் பகுதி 1874 முதல் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்திருந்தது. 1935இல்தான் பேராவுக்குத் திரும்பியது. ஆகவே அறுபது ஆண்டுகளாகப் பங்கோர்வாசிக்கும் ஈப்போவாசிக்கும் இடையே கடலோடு ஒரு நிர்வாக எல்லையும் இருந்தது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். என் பாட்டி ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். நான் பங்கோரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், தீவில் மனிதர்கள் எப்படித்தான் அடைந்து கிடக்கிறார்களோ என்று வருத்தப்படுவார் என எண்ணினேன். அவரோ, தீவுக்காரர்களுக்கு என்ன குறை, காசு கொடுத்தால் படகு வருகிறது என்றார். தோட்டத்தில் இருந்தபோது வெளியே போவதே ஒரு பெரிய காரியம் என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். விடியுமுன் பெரட்டு. மண்டோர் பெயர் வாசித்து நிரை காட்டுவார். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும். பால் எடுத்து, காண்டாவில் தூக்கிக் கொட்டாய்க்குக் கொண்டுபோய் எடை போட்டு முடிக்க நண்பகல் ஆகிவிடும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பள்ளிக்கூடம் தோட்டத்துக்குச் சொந்தம். மருந்து கொடுக்கும் டிரெசர் தோட்டத்தின் ஆள். கடையில் பற்று, சம்பளத்தன்று கழித்துக்கொள்வார்கள். மாரியம்மன் கோயிலை எழுப்பியது தொழிலாளர் கைக்காசு. அது நின்ற நிலமோ தோட்டத்துடையது. பெரிய சடக்குக்குப் போகும் செம்மண் பாதையும் தோட்டத்துடையதே. அந்தப் பாதையின் வாயிலில் காவலுக்கு ஆள் இருந்தார். வெளியூர் உறவினர் வந்தால் யார் வீட்டுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

இதைக் கேட்ட பிறகுதான் புவியியல் பாடத்து இலக்கணத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது. கடலைக் கடக்கும் வழி பொதுவழி. கித்தாக்காட்டைக் கடக்கும் வழி முதலாளியின் வழி. இந்த இரண்டில் எந்த ஊரை நாம் தீவு என்று அழைப்பது?

இதனால் பங்கோர் வாழ்க்கை எளிது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரவில் ஃபெரி நின்றுவிடும். தீவில் மருந்தகம் இருக்கிறது. ஆனால் நோய் கடுமையானால் செரி மஞ்சோங் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவ வலிக்கும் நெஞ்சு வலிக்கும் கால அட்டவணை தெரியாது. அரிசி மூட்டை முதல் சிமெண்டு மூட்டை வரை லூமுட்டில் ஏற்றுக்கூலி, தீவில் இறக்குக்கூலி என்று விலையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. குப்பையும் ஒரு சிக்கல். பெருநிலத்தில் குப்பையைக் கண் காணாத இடத்துக்கு லாரியில் அனுப்பிவிடலாம். 18 சதுர கிலோமீட்டரில் கண் காணாத இடம் ஏது? அதனால்தான் பங்கோர், லங்காவி, தியோமான் போன்ற தீவுகளில் அரசாங்கம் சிறிய எரிஉலைகளைக் கட்டியது.

2020 ஜனவரி 1ஆம் நாள் பங்கோர் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. சாக்லெட்டும் வாசனைத் திரவியமும் மலிவாகக் கிடைக்கும் என்று விளம்பரங்கள் வந்தன. மூன்று மாதம் நிறைவதற்குள் மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, வாங்குவதற்கு வெளியூர் ஆளே இல்லாமல் போயிற்று. அது தற்செயல், அதை விட்டுவிடலாம். தீர்வை விலக்கினால் தீவுக் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்பதே என் கேள்வி. ஊர்க்காரர் அன்றாடம் வாங்கும் கீரைக்கும் மீனுக்கும் இறக்குமதித் தீர்வை எப்போது இருந்தது, இப்போது நீங்குவதற்கு? சாக்லெட் விற்கும் கடையில் சிலருக்கு வேலை கிடைத்திருக்கலாம். அதுவும் நல்லதுதான். ஆனால் பயணிகளுக்கான சலுகையை ஊர்வாசிகளுக்கான சலுகையாக எண்ணிக்கொள்வது நம் நாட்டில் அடிக்கடி நடக்கும் தவறு.

பள்ளிப்படிப்பு முடிந்த இளைஞர் சித்தியவானுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விடுகிறார்கள். தீவில் தமிழ்ப்பள்ளி உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை குறித்த கவலையும் அதனோடு உண்டு. இந்தக் கவலை கடலால் வந்ததன்று. பேராவில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. 150 மாணவருக்குக் குறைந்தவை 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றில் பல பள்ளிகளின் பெயரில் தோட்டம் இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்தைத் தேடினால் செம்பனையோ வீடமைப்புத் திட்டமோதான் இருக்கும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றியதற்கு அது காரணம். பள்ளியின் உயிர் தோட்டத்தின் உயிரோடு கட்டப்பட்டதற்கும் அதுவே காரணம்.

1950களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, நிலம் கைமாறினால் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்பது முதன்முறையாக வெளிப்படையாகத் தெரிந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான். தொழிலாளர் காசு சேர்த்துத் தாங்கள் உழைக்கும் மண்ணைத் தாங்களே வாங்குவது என்பது அவர் கண்ட வழி. அவ்வழி சில தோட்டங்களைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க முடியவில்லை. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவைப்படவில்லை. எங்கள் பாட்டியின் தோட்டமும் விற்கப்பட்டது. வேலை போனபோது வீடும் சேர்ந்து போயிற்று. சிலர் ஈப்போ புந்தோங்கிற்கும், சிலர் கிள்ளானுக்கும், சிலர் சித்தியவானுக்கும் பிரிந்தனர். மாரியம்மனை ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலுக்கு எடுத்துச் சென்றது.

இந்தப் பிரிவைத்தான் மாசி மகத்தன்று பங்கோரில் வேறு விதமாகக் கண்டேன். சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்து நிற்கிறது ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம். மாசி மகத்துக்குப் பெருநிலத்திலிருந்து பக்தர்கள் ஃபெரி ஃபெரியாக வந்து இறங்குகிறார்கள். மற்ற நாள்களில் தீவிலிருந்து வெளியே போகும் கூட்டத்தைப் பார்க்கும் அந்தத் துறை, அன்று உள்ளே வரும் கூட்டத்தைப் பார்க்கிறது. சீனரும் வந்து அம்மனுக்கு ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பாட்டியையும் அழைத்துச் சென்றிருந்தேன். காவடிகளைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்து, நீங்கள் மூன்றாம் லயத்து அக்காதானே என்றார். பிறகு இன்னொருவர். அரைமணி நேரத்தில் ஆறேழு பேர் ஒரு மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு தோட்டம் கொஞ்ச நேரம் அந்தத் தீவில் கூடியது.

ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. சங்க இலக்கியத்தில் நெய்தல் திணையைப் படித்துவிட்டு நேரே பங்கோருக்குப் போனால், கடலையும் மீனையும் மட்டுமே தேடுவீர்கள். ஊர்க்காரரிடம் படகைப் பற்றிக் கேளுங்கள். யார் நடத்துகிறார்கள், கடைசிப் படகு தவறினால் எங்கே படுப்பீர்கள், உங்கள் வீட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அதே கேள்விகளை உங்கள் தாத்தா பாட்டியிடம் தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பெரட்டு, காண்டா, நிரை போன்ற சொற்களை அவர்கள் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள். பலவற்றை அகராதியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நான் ஐந்து ஆண்டு தாமதமாகத் தொடங்கினேன். தாத்தாவிடம் கேட்க வேண்டியவை கேட்கப்படாமலே போயின.

திரும்பும் ஃபெரியில் பாட்டி மூன்றாம் லயத்து வீடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கையில் வேறு தாள் இல்லாததால் கோயிலில் கொடுத்த அர்ச்சனைச் சீட்டின் பின்புறம் எழுதினேன். மொத்தம் பன்னிரண்டு வீடுகள். லூமுட் துறை நெருங்கும்போது பத்து வீடுகளின் பெயர்கள் வந்திருந்தன. ஏழாவது வீட்டிலும் பதினோராவது வீட்டிலும் யார் இருந்தார்கள் என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அடுத்த மாசி மகத்தில் கிள்ளான்காரரிடம் கேட்டுவிடலாம் என்றார்.