இன்ஜின் மாறினாலும் வண்டியின் வயது மாறாது

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சரக்கு இறக்கும் பழைய மகிந்திரா, டாடா பிக்கப்புகளைச் சுற்றி ஒரே பேச்சு வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டிக்குப் பதினைந்து வயசு ஆகிவிட்டதா, விற்காதே, இன்னோவா இன்ஜினோ ஸ்கார்ப்பியோ இன்ஜினோ ஒன்றை வாங்கிப் போடு, ஆர்.சி. புக்கில் நம்பரை ஏற்றிவிடு. வண்டி புதுசு, இழுவை இரட்டிப்பு, மைலேஜ் கூடுதல், வயசும் அன்றிலிருந்துதான் கணக்கு. வலியசாலையில் கேட்கிறோம், கரமனையில் கேட்கிறோம், எல்லை தாண்டி நாகர்கோவில் பட்டறைகளிலும் இதையே சொல்கிறார்கள். தோவாளைப் பூவும் வடசேரிக் காய்கறியும் ஏற்றி வந்து பிழைப்பவர்கள் இதை நம்பிக் கடன் வாங்குகிறார்கள். அதனால் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தப் பேச்சில் உண்மை என்று ஒன்றுகூட இல்லை.

முதலில் வயதை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டம் வண்டியின் வயதைப் பதிவுத் தேதியிலிருந்து எண்ணுகிறது. இன்ஜின் வாங்கிய பில்லிலிருந்து எண்ணுவதில்லை. சொந்த உபயோக வண்டிக்கு 41ஆம் பிரிவின்படி பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு 56ஆம் பிரிவின் ஃபிட்னஸ். எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பின் ஆண்டுதோறும். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக்கியது. இன்ஜின் புதிதென்றால் பழைய கட்டணம் போதும் என்ற சலுகை அதில் கிடையாது. 2023 ஏப்ரல் முதல் 15 வயது கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று விதி வந்தது. சொந்தமாகப் பெரிய பட்டறைகள் வைத்து இன்ஜின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கும் போக்குவரத்துக் கழகங்களையும் அந்த விதி சேர்த்தே பிடித்தது. இன்ஜினை மாற்றி வயதைக் குறைக்க முடியுமென்றால், பாப்பனங்கோட்டில் மத்தியப் பணிமனை வைத்திருக்கும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒரு வண்டிக்கு அடையாளம் சேசிஸ். அதில் கழற்றி மாட்டக்கூடிய பாகங்களில் இன்ஜினும் ஒன்று, அவ்வளவுதான்.

நம்பரை ஏற்றினால் போதும் என்பது அடுத்த பொய். 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. எரிபொருள் வகையை மாற்றும் அங்கீகரித்த கிட்டுகளுக்கு விலக்கு உண்டு. இன்ஜினை மாற்றவும் வழி உண்டு, ஆனால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் முதலாளிக்கு மாநில அரசு தரக்கூடிய தளர்வுகூட, அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினுக்கு மட்டுமே. அதையும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கேரளத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: மாநில விதி எப்படி எழுதியிருந்தாலும், தயாரிப்பாளரின் மூல விவரத்தை மீறும் மாற்றத்தை அனுமதிக்க முடியாது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. ஆக்ரிக் கடையிலிருந்து, அதாவது பழைய இரும்புக் கடையிலிருந்து, வரும் இன்ஜினுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அது எந்த வண்டியிலிருந்து இறங்கியது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா, திருட்டுப் புகார் எதுவும் இருக்கிறதா என்பதற்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் நம்பர் ஏறாது. நம்பர் ஏறாத இன்ஜினோடு விபத்தில் சிக்கினால், பாலிசியில் ஒரு நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்று வாதிட இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாமே வழி திறந்து கொடுத்தவர்கள் ஆவோம்.

சட்டம் கிடக்கட்டும், இழுவையாவது கூடுமே என்பார்கள். இயந்திரக் கணக்குக்கு வருவோம். பழைய மகிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின் 2,112 சிசி. அதன் முறுக்கு விசை ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர். ஸ்கார்ப்பியோவில் வந்த 2.2 லிட்டர் எம்ஹாக்கின் விசை 290. இரண்டரை மடங்குக்கு அருகில் இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். அந்த விசை நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸ் அதைப் பெருக்குகிறது, கிரவுன் வீல் மறுபடியும் பெருக்குகிறது. கணக்குக்கு முதல் கியர் நான்கு மடங்கு என்று வைப்போம். வில்லிஸ் காலத்திலிருந்து ஜீப் ஆக்சில்களில் வந்த விகிதம் 5.38. பழைய இன்ஜினில் ஆக்சிலுக்குப் போகும் விசை 2,600க்குச் சற்றுக் குறைவு; புதியதில் 6,200க்கு மேல். கிளட்ச் பிளேட், கியர் பல், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், பினியன், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாமே முதல் எண்ணுக்காகச் செய்தவை. அதுவும் இருபது வருஷம் தேய்ந்தவை. கிளட்ச் தாங்கவில்லை என்று கனமான கிளட்ச் போட்டால் கியர்பாக்ஸ் முனகும்; அதையும் மாற்றினால் பினியன் உடையும். இன்ஜினையும் வேற்றுக் கியர்பாக்ஸையும் இணைக்க லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் மையத்திலிருந்து இம்மி விலகினாலும் இன்புட் ஷாஃப்டும் பைலட் பேரிங்கும் சீக்கிரமே போய்விடும். இன்ஜினுக்குச் சொன்ன விலையில் இவற்றில் எதுவும் சேர்ந்திருக்காது.

மைலேஜ் பேச்சு இன்னும் மோசம். அதே 5.38 ஆக்சிலையும் 6.00–16 டயரையும் வைத்துக்கொள்ளுங்கள். டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.27 மீட்டர் நகரும். டாப் கியர் நேர் விகிதம் என்றால், இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது வண்டியின் வேகம் மணிக்கு 76 கிலோமீட்டர்தான். நவீன டீசல் சிக்கனமாக ஓடும் 1,800 சுற்றில் வேகம் 46 கிலோமீட்டரைத் தொடாது. ஆகவே நாகர்கோவில் சாலையில் எழுபதைத் தாண்டும்போதெல்லாம் புது இன்ஜின் தேவையில்லாத சுற்றில் கத்திக்கொண்டு டீசலைக் குடிக்கும். ஸ்கார்ப்பியோவில் கிடைத்த மைலேஜ் ஸ்கார்ப்பியோவின் கியர் விகிதத்தால் கிடைத்தது. இன்ஜினை மட்டும் இறக்கி எடுத்து வந்தால் அந்த மைலேஜ் கூடவே வராது.

இதைவிட எனக்குக் கோபம் மூட்டுவது, இத்தனை பேச்சிலும் பிரேக் பற்றி ஒரு வார்த்தைகூட வராதது. வேகம் 60லிருந்து 80 ஆனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 1.78 மடங்கு, 100 ஆனால் 2.78 மடங்கு. டிரம்மும் லைனிங்கும் அதேதான். பொன்முடிச் சாலையை நினைத்துப் பாருங்கள்: 22 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் இறக்கம். 2,500 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது 24.5 மெகாஜூல் ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். ஏறத்தாழ 80 லிட்டர் தண்ணீரை நம் ஊர் வெயில் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பழைய வண்டியில் மீதியில் பெரும் பங்கைத் தாழ்ந்த கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், ஓட்டுநரும் மெதுவாகவே இறங்குவார். புது இன்ஜினின் சுறுசுறுப்பைப் பார்த்து மேல் கியரில் இறங்குபவர் முழுச் சுமையையும் டிரம் மேல் போடுகிறார். சூடேறிய லைனிங் பிடிக்காது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. பிரேக்கை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பட்டறைக்காரர் செய்வது பொறுப்பற்ற வேலை. அவர் எவ்வளவு கைத்திறன் உள்ளவராக இருந்தாலும் சரி.

இதற்கு அறிவார்ந்த ஓர் ஆட்சேபம் உண்டு. மகிந்திராவே ஒரே ஜீப் உடம்பில் ஹரிக்கேன் பெட்ரோலையும், பெஜோ டீசலையும், பிறகு 2,523 சிசி டிஐ இன்ஜினையும் மாற்றி மாற்றிப் போடவில்லையா? டாடா 1988ல் 1,948 சிசி இன்ஜினோடு தொடங்கிய பிக்கப் வரிசையில் பிற்பாடு பெரிய டிஐ இன்ஜின் வரவில்லையா? கம்பெனி செய்தால் சரி, நாங்கள் செய்தால் தவறா என்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கம்பெனி இன்ஜினை மாற்றும்போது அதற்கேற்ற கியர்பாக்ஸ், ஆக்சில் விகிதம், ரேடியேட்டர், மவுண்டிங் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடுகிறது. முன்மாதிரி வண்டியை மத்திய விதி 126ன்படி புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனத்தில் பிரேக், புகை, சத்தம் என்று சோதனைக்கு விட்டுச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் விற்கிறது. பட்டறையில் மூன்று நாளில் முடியும் வேலையில் இதில் எது நடக்கிறது? முழு டிரைவ் வரிசையையும் பிரேக்கையும் சேர்த்து மாற்றிக் கணக்குப் பார்த்துச் செய்கிற தேர்ந்த கைகள் கேரளத்தில் இருக்கின்றன, மறுக்கவில்லை. மலையேற்றப் போட்டிகளுக்காக அடைத்த மைதானத்தில் ஓட்டும் வண்டிகளில் அந்தத் திறமை தெரிகிறது. அந்த வேலைக்கு ஆகும் செலவில் நல்ல நிலையிலுள்ள வேறொரு பிக்கப்பே வாங்கிவிடலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

பழைய இன்ஜினுக்குப் பாகம் கிடைக்கவில்லை, அதனால்தான் மாற்றுகிறோம் என்பது இன்னொரு சமாதானம். பாகம் கிடைக்காத இன்ஜினை இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் இல்லாமல் ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜினை ஏற்றுவது என்ன தீர்வு? காமன் ரெயில் இன்ஜினுக்கு ஈ.சி.யூ., சென்சார்கள், ஒயரிங், மின்னணு ஆக்சிலரேட்டர், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். பாதியை வெட்டி ஒட்டிய ஒயரிங் நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் எத்தனை நாள் தாங்கும்? இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. பழைய டீசலில் ஏர் பிடித்தால் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பது எல்லா மெக்கானிக்கின் கைப்பழக்கம். எம்ஹாக் போன்ற இன்ஜினில் அந்தப் பைப்புக்குள் 1,600 பார் வரை அழுத்தம் இருக்கும். ஓடும்போது தளர்த்தினால் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வழியில் வண்டி நின்றால் பக்கத்துப் பட்டறைப் பையன் அந்தப் பழக்கத்தில்தான் ஸ்பேனரை எடுப்பான்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஸ்பிரிங் பட்டை கூட்டினால் லோடு கூடுதல் ஏற்றலாம் என்பது தவறு: ஆர்.சி.யில் எழுதிய மொத்த எடை மாறாது, ஆக்சிலும் பிரேக்கும் மாறவில்லை, பிடிபட்டால் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 வீதமும் கட்ட வேண்டும். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், பிரேக்குக்கு வேலை கூடும். சைலன்ஸரை வெட்டினால் சத்தம் மட்டுமே கூடும். பம்பு தரும் டீசலை அது கூட்டாது. பம்பு ஸ்குரூவைத் திருகினால் பவர் வரும் என்பதில் அரை உண்மை இருக்கிறது. கொஞ்சம் வரும், கூடவே கரும்புகையும் பிஸ்டன் தலையைத் தின்னும் சூடும் வரும். பாரத் ஸ்டேஜ் நான்குக்கு முந்திய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 ஹார்ட்ரிஜ் அளவுதான் எல்லை. திருகிய பம்பு அதைத் தாண்டும். மின்சார மாற்றத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தந்த மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் செய்யக் கூடாது.

அப்படியானால் பழைய பிக்கப்பை என்ன செய்வது? இருக்கிற இன்ஜினைச் சரி செய்யுங்கள். புகை வந்தவுடனே இன்ஜின் முடிந்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கரும்புகைக்குக் காரணம் பெரும்பாலும் நாசில், ஏர் ஃபில்டர், பம்பு டைமிங். நீலப்புகை ஆயில் எரிவதைச் சொல்கிறது. வெண்புகை எரியாத டீசலையோ தண்ணீர் உள்ளே கசிவதையோ சொல்கிறது. முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து நான்கு சிலிண்டருக்கும் எண்ணை எழுதி வாங்குங்கள். எழுதித் தராத இடத்தில் வண்டியை விடாதீர்கள். எண் சரியாக இருந்தால் நாசிலையும் பம்பையும் பெஞ்சில் ஏற்றிச் சரி பார்த்தாலே வண்டி திரும்பி வரும். எண் விழுந்திருந்தால் லைனர், பிஸ்டன், ரிங், வால்வு சீட், கிராங்க் கிரைண்டிங் என்று முழு வேலை செய்யலாம். அதே பிளாக் என்பதால் இன்ஜின் நம்பர் மாறாது, மற்ற பாகங்களும் தங்களுக்கு உரிய சுமையையே சுமக்கும். ஆர்.டி.ஓ. ஆபீசில் மன்றாட வேண்டியதும் இல்லை.

இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும் போரிங் கடைகளும் பம்பு பெஞ்சுகளும் கண்முன்னே குறைந்துவருகின்றன என்பதுதான் என் உண்மையான கவலை. இன்ஜின் மாற்றும் மோகம் பரவியதில் இதற்கும் பங்குண்டு: கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் நிறைய இருக்கின்றன, மைக்ரோமீட்டர் பிடித்து அளக்கத் தெரிந்த கைகள் குறைவு. சாக்கை அரசு ஐ.டி.ஐ. மாதிரியான இடங்களில் போரிங், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், இன்ஜெக்‌ஷன் பம்பு கேலிப்ரேஷன் நான்கையும் சேர்த்து, வேலை செய்துகொண்டிருக்கும் மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பாகச் சொல்லித் தர வேண்டும். மோட்டார் வாகனத் துறையும், எந்த இன்ஜினுக்கு எந்த இன்ஜினை மாற்ற அனுமதி உண்டு, அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை மலையாளத்திலும் தமிழிலும் அச்சடித்து ஆபீஸ் வாசலிலேயே ஒட்ட வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதைப் படித்திருந்தால், காகிதமில்லாத இன்ஜினை வாங்க யாரும் கடன் கேட்டு அலைய மாட்டார்கள்.