இளைஞர் கணினி மன்றமும் வழிகாட்டும் தொண்டரும்

கிராமங்களில் இயங்கும் இளைஞர் மன்றங்கள் வாசகசாலை, கைப்பந்து, சாலை செப்பனிடுதல் முதலிய பணிகளில் பழகியவை. அவற்றுடன் கணினி மன்றம் ஒன்றையும் இணைத்தல் கூடுமா என்று எண்ணும் தொண்டர்கள், கணினிகளை எங்கிருந்து பெறுவது என்ற கேள்வியையே முதலில் எழுப்புகின்றனர். நம் கருத்தில் அது இரண்டாம் கேள்வி. 13 வயதுப் பிள்ளையின் அருகில் அமரப்போகிறவர் யார், அவர் எவ்வாறு அமர்வார் என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். இதற்கு அயர்லாந்து நாட்டின் அனுபவம் நமக்கு நன்கு பயன்படும்.

அந்நாட்டின் தென்பகுதியில் கார்க் என்னும் நகரம் உளது. அங்கு ஜேம்ஸ் வெல்டன் என்ற பள்ளி மாணவர், ஐபாட் நானோ என்னும் சிறிய இசைக்கருவியைத் தம் விருப்பப்படி இயங்கச் செய்து பெயர் பெற்றார். உடன் பயின்ற மாணவர்கள் தமக்கும் கற்பிக்குமாறு வேண்டவே, பள்ளியிலேயே ஒரு கணினி மன்றம் தொடங்கினார். பின்னர் பில் லியாவ் என்னும் தொழில்முனைவோரும் துணை நின்றார். 2011 ஜூலைத் திங்களில் பள்ளிக்கு வெளியே, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக, முதல் ‘கோடர்டோஜோ’ கூடிற்று. டோஜோ என்பது ஜப்பானிய மொழியில் தற்காப்புக் கலை பயிலும் கூடத்தைக் குறிக்கும். நம் ஊர்ச் சிலம்பக் கூடத்தை ஒத்தது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டப்ளினிலிருந்தும் சிலர் கார்க்குக்கு வரத் தொடங்கியதால், விரைவில் டப்ளினிலும் ஒன்று ஏற்பட்டது. 2017-இல் ராஸ்பெரி பை அறநிறுவனத்துடன் இணைந்தபோது அவ்வியக்கம் பல நாடுகளிலும் வேரூன்றியிருந்தது.

இம்மன்றங்களில் கட்டணமில்லை, தேர்வில்லை. 7 முதல் 17 வயது வரையுள்ள எவரும் வரலாம். 12 வயதும் அதற்குட்பட்டவருமாயின் பெற்றோருள் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். கற்பிப்போர் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களை ஆசிரியர் என்னாது வழிகாட்டி என்றே வழங்குவர். இப்பெயருக்குக் காரணம் உண்டு. ஆசிரியர் குறித்த காலத்தில் பாடத்தை முடிக்கக் கடமைப்பட்டவர். வழிகாட்டிக்கு அத்தகைய பாடம் ஏதுமில்லை. பிள்ளை தான் செய்ய விரும்பியதைத் தானே செய்து முடிக்கும்வரை அருகில் இருப்பதே அவர் வேலை.

கணினி நன்கு அறிந்தவருக்கே இது மிகக் கடினம். பிள்ளை ஐந்து நிமிடம் திணறக் கண்டதும் அவர் கை மவுஸை நாடும். “தள்ளு தம்பி, நான் செய்து காட்டுகிறேன்” என்பார். வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியவர் வந்தால் வேலை முடியும் என்பது ஒன்றையே தம்பி அன்று கற்றிருப்பான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்த ஸ்க்ராட்ச் என்னும் நிரல்மொழி, தொடக்கநிலையினர்க்கு ஏற்றது. அதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் கிடக்கும். ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் ஆயிற்று. ஒரு சிறுமி, மேலிருந்து விழும் மாங்காய்களைக் கூடையில் ஏந்தும் ஆட்டமொன்றை அமைக்கிறாள் எனக் கொள்வோம். மாங்காய்க்கு ஒரு புள்ளி. முதல் ஆட்டத்தில் 9 புள்ளிகள் கிடைக்கின்றன. மறுமுறை தொடங்கினால், ஒரு மாங்காயும் விழுமுன்னரே திரையில் 9 நிற்கிறது. “கணினி கெட்டுவிட்டது, அக்கா” என்கிறாள். கணினி கெடவில்லை. பழைய புள்ளியை அழிக்குமாறு அதற்கு எவரும் கட்டளையிடவில்லை. ஆதலால் நினைவில் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் புள்ளியைப் பூஜ்யமாக்கும் ஒரே கட்டையைச் சேர்த்தால் போதும். அதை வழிகாட்டி சொல்லிவிடலாகாது. “ஆட்டம் தொடங்கும்போது எத்தனை புள்ளி இருக்க வேண்டும்?” என்று கேட்கலாம். “பூஜ்யம்” என்பாள். “அதை எந்த இடத்தில் கணினிக்குச் சொல்லியிருக்கிறாய்? மேலிருந்து ஒவ்வொரு கட்டையாக உரக்கப் படி, அம்மா” என்று கூறிவிட்டு வாய்மூடி இருக்கலாம். நான்காம் கட்டைக்கு வருமுன் பெரும்பாலும் அவளே சிரித்துவிடுவாள்.

முதலில் தானே சிந்தித்தல், அடுத்து அருகிலுள்ள தோழரைக் கேட்டல், அதன் பின்னரே வழிகாட்டியை அழைத்தல் என்ற ஒழுங்கும் நன்று. தொண்டர் சிலரேயான ஊர்களில் இஃது இன்றியமையாததும் ஆகும்.

13, 14 வயதில் புதியதொரு தொல்லை தோன்றும். திரையில் பூனை ஆடுவது சிறுபிள்ளை விளையாட்டாகப் படும், சொல்லாமலே நின்றுவிடுவார்கள். பள்ளித் தேர்வின் சுமையும் சேர்ந்துகொள்ளும். இவ்வயதினரைத் தக்கவைக்க உண்மையான வேலையைக் கொடுத்தல் வேண்டும். நூலகத்தின் புத்தகக் கணக்கு, பால் கூட்டுறவுச் சங்கத்தின் அன்றாட அளவு, ஊர் வழியே செல்லும் பேருந்துகளின் நேரம் ஆகியவற்றைக் கணினியில் அமைக்கச் சொல்லலாம். இளையோர்க்கு வழிகாட்டவும் பழக்கலாம். 14 வயதுப் பெண் 9 வயதுச் சிறுவனுக்கு விளக்க முற்படும்போது, தனக்கு எது விளங்கவில்லை என்பதும் அவளுக்குப் புலப்படும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1993-இல் தொடங்கப்பெற்ற கம்ப்யூட்டர் கிளப்ஹவுஸ், 10 முதல் 18 வயதினர் தம் விருப்பத்திற்கேற்ற வேலைகளை மேற்கொள்ளவே அமைந்தது; வழிகாட்டிகளும் அங்கு உடன் அமர்ந்து ஏதேனும் செய்துகொண்டிருப்பர்.

ஒரு கணினிக்கு இருவர் என்றால், 15 நிமிடத்திற்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து இடம் மாற்றுதல் வேண்டும். இல்லையேல் துணிந்தவன் கையிலேயே விசைப்பலகை தங்கிவிடும். அடக்கமான பிள்ளை மூன்று மாதம் வந்தும் வேடிக்கை பார்த்தே திரும்பும். அமர்வை மாலை 6 மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லையே என்று வருந்துவதிலும் பொருளில்லை. சனிக்கிழமை முற்பகலில் வைத்து, பெண் தொண்டர் ஒருவரையேனும் அமர்த்தினால் தாய்மார் அனுப்புவர்.

அயர்லாந்தில் சிறுவரிடை பணிபுரியும் தொண்டர்களின் பின்னணியைக் காவல்துறை வாயிலாகச் சரிபார்க்கச் சட்டமே உண்டு. நம் மன்றங்களும் இதில் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். எப்போதும் பெரியவர் இருவர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். தொண்டர் எவரும் பிள்ளைகளுடன் தனியாகக் கைப்பேசிச் செய்தி பரிமாறலாகாது. இவ்விதிகளை முதல் நாளே பெற்றோர் முன் படித்துக் காட்டுதல் நலம்.

இனி, கணினிகள். நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ்ப் பல இலட்சம் மாணவர்க்கு மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. அவற்றுள் பரணில் உறங்குவனவற்றைக் கேட்டுப் பெறலாம். பேட்டரி தளர்ந்திருப்பினும் மின்னிணைப்பில் இயங்கினால் போதும். ஸ்க்ராட்சின் பழைய பதிப்பு அவற்றில் இணையமின்றியே நடக்கும். நான்கு கணினிகளும் எட்டுப் பிள்ளைகளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஒரு பதிவேடு மட்டும் வைத்துக்கொள்க. வருகையைக் குறிப்பதுடன், ஒவ்வொருவரும் அன்று எதைச் செய்ய முயன்றனர், எந்த இடத்தில் நின்றனர் என்று ஒரு வரி எழுதுதல் வேண்டும். அடுத்த வாரம் வேறொரு தொண்டர் வந்தாலும், “சென்ற வாரம் கூடை நகரவில்லை என்றாயே, இப்போது நகர்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே அருகில் அமரலாம்.